பூனை சாமான் தட்டி விழுத்துதா? எல்லாரும் கேக்கிற கேள்வியும் நான் சொல்ற பதிலும்

எங்கட வீட்ட மூண்டு பூனை. கறுப்பிக்கு பன்னிரண்டு வயசு, குண்டன் கடுவன், நாலு வயசு, மூண்டாவது போன மாரியில கானுக்குள்ள கத்திக்கிட்டு கிடந்த குட்டி, சுண்டெலி எண்டு பேர். மட்டக்களப்புக்குக் கிட்ட ஆரையம்பதியில எங்கட ஒழுங்கையில என்ன பூனைக்கார அக்கா எண்டாத்தான் தெரியும். கடையில சாமான் வாங்கப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் ஆராவது வந்து "அக்கா எங்கட பூன கிளாஸ தட்டி உடைக்குது, என்ன செய்யிற" எண்டு கேப்பாங்க. ஒரே பதில நூறு தரம் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரேயடியா எழுதி வெப்பம் எண்டு இருந்தன்.

பூன ஏன் அக்கா மேசையில இருக்கிற சாமானத் தட்டி விழுத்துது? அதுக்கு என்ன லாபம்?

அதுட கைய பாருங்க முதல்ல. பூனைக்கு கைதான் சாமானப் பாக்கிற கருவி. நம்மளப்போல எடுத்துப் புடிச்சு பாக்க ஏலாது. ஒரு அடிக்கும் கிட்ட இருக்கிற சாமான் அதுட கண்ணுக்கு வடிவாத் தெரியாது, எட்டத்தில அசையிற எலிதான் நல்லாத் தெரியும். கிட்ட வந்தா மீசையாலயும் கையாலயும்தான் வேலை. புதுசா ஒரு பேனை மேசையில கிடந்தா மெதுவா ஒரு தட்டு, அசையுதா, ஓடுதா, திருப்பிக் கடிக்குமா எண்டு பாக்குது. எலியோ பாம்புக்குட்டியோ எண்டாலும் முதல்ல இப்பிடித்தான் தள்ளி நிண்டு கையால தட்டிப் பாக்கும், உடனே வாயக் கொண்டு போகாது, அது புத்தி. பேனை உருண்டுது எண்டா அதுக்கு சரியான சந்தோசம், உருளுற சாமான் உசிரோட இருக்கிற மாதிரி. உருண்டு கீழ விழுந்து சத்தமும் வந்தா சொல்லவே தேவையில்ல.

அதோட சலிப்பும் இருக்கு. வீட்டுக்குள்ளயே கிடக்கிற பூனைக்கு வேட்டை இல்ல, வேலை இல்ல. மாரி காலத்தில ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் வெளியில போக ஏலாம நாள்கணக்கா உள்ளுக்க கிடந்தா எங்கட வீட்ட உடையிற கணக்கும் கூடும்.

இல்லக்கா, என்ட முகத்தப் பாத்துக்கிட்டே தள்ளுது. வேணுமெண்டு செய்யிற மாதிரித்தான் இருக்கு.

ஓம், பாத்துக்கிட்டுத்தான் தள்ளும். ஆனா வஞ்சம் தீக்கிறதுக்கில்ல. நீங்க படிப்பிச்சுக் குடுத்தத செய்து காட்டுது.

குண்டன்ட கதைய சொல்றன். விடியச்சாமம் நாலே முக்கால் இருக்கும், காத்தான்குடிப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் காத்தில வந்துக்கிட்டிருக்கு, இவர் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில ஏறி குந்திக்கிட்டு என்ட மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு மேல ஒரு கைய வெப்பார். தட்டமாட்டார். வெச்சுக்கிட்டு என்ன பாப்பார். நான் கண்ண மூடிக்கிட்டே கிடந்தா ஒரு அங்குலம் தள்ளுவார். மறுகா என்ன பாப்பார். மறுகா ஒரு அங்குலம். விளிம்புக்கு வந்ததும் நான் "டேய்!" எண்டு எழும்புவன், எழும்பினா குசினிக்குப் போவன், குசினிக்குப் போனா மீன் கிடைக்கும். ஆரு ஆர பழக்கியிருக்கு எண்டு எனக்கு விளங்கவே ரெண்டு மாசம் பிடிச்சுது.

பூனைக்கு நீங்க ஓடி வாறதும் பரிசுதான், ஏசுறதும் பரிசுதான். நாள் முழுக்க போனப் பாத்துக்கிட்டு இருக்கிற மனிசர் ஒரு கோப்பை விழுந்த உடனே பாய்ஞ்சு வந்து முகத்துக்கு நேர கதைச்சா அதுக்கு வேற என்ன வேணும்.

அப்ப கவனிக்காம விட்டா நிப்பாட்டுமா?

நிப்பாட்டும், ஆனா முதல்ல கூடும். இத ஒருத்தரும் சொல்றதில்ல, அதாலதான் எல்லாரும் மூண்டாம் நாள் கைவிடுற. இவ்வளவு நாளும் பலிச்ச வித்தை திடீரெண்டு பலிக்காட்டி பூனை அத இன்னும் பலமா செய்து பாக்கும், ஒண்டு தட்டினது மூண்டு தட்டும். அந்த நேரத்தில நீங்க எழும்பினீங்க எண்டா முடிஞ்சுது, "ஓ, மூண்டு தட்டினாத்தான் வருவாங்க" எண்டு படிச்சிரும்.

அதால கவனிக்காம விடுறதுக்கு முதல் உடையிற சாமான் எல்லாத்தையும் எடுத்துருங்க. நான் கட்டில் மேசையில ஒரு பிளாஸ்டிக் மூடியும் பழைய சவர்க்காரப் பெட்டியும் மட்டும் வெச்சன். தள்ளினார், விழுந்துது, நான் அசையல்ல. எங்கட வீட்டுக்காரர்தான் அஞ்சாம் நாள் "பாவம் பசிக்கும் போல" எண்டு எழும்பிப் போய் மீன் குடுத்து எல்லாத்தையும் கெடுத்தார், திரும்பவும் முதல்ல இருந்து. மொத்தமா மூண்டு கிழமைக்குக் கிட்ட எடுத்துது. வீட்ட இருக்கிற எல்லாரும் ஒரே முடிவில நிக்கோணும், ஒராள் எழும்பினாலும் சரிவராது.

மற்றப்பக்கமும் செய்யோணும், அது முக்கியம். ஒண்டும் தட்டாம சும்மா குந்திக்கிட்டு இருக்கக்குள்ள போய் தடவுங்க, கதையுங்க, ஒரு துண்டு மீன் குடுங்க. அமைதியா இருந்தாலும் கவனிப்பாங்க எண்டு தெரிஞ்சா பிறகு என்னத்துக்கு கண்ணாடிக் கூட்டத் தள்ளுற?

ஒரு அடி போட்டா திருந்தாதா? தண்ணி அடிச்சா?

திருந்தாது. அடியையும் தட்டின சாமானையும் பூனை சேத்துப் பாக்காது, அடியையும் உங்களையும்தான் சேத்துப் பாக்கும். நீங்க வந்தா ஒளிக்கும், நீங்க இல்லாத நேரம் தட்டும். தண்ணி அடிக்கிறதும் அதேதான். சில பூனைக்கு அதுவும் ஒரு விளையாட்டாப் போயிரும்.

விடிய 4 மணிக்கு என்னத்துக்கு எழும்பி ஆடுது? நாங்க நித்திரை கொள்றல்லையா?

பூனை பகலில நல்லாப் படுத்துக் கிடக்கும், நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேலயும் நித்திரை கொள்ளும், அதுட வேலை நேரம் விடியப்புறமும் பொழுதுபடுற நேரமும்தான். எலி நடமாடுற நேரம் அது. அந்த உடம்பு அப்பிடி, மாத்த ஏலாது. நேரத்த கொஞ்சம் நகத்தலாம்.

நாங்க செய்யிறது இதுதான். ராவைக்கு படுக்கிறதுக்கு முதல் 10-15 நிமிசம் வேட்டை விளையாட்டு. தென்னோலை ஈர்க்கில் நீட்டு ஒண்டு எடுத்து நுனியில கோழிச்செட்டை ரெண்டக் கட்டி, கதிரைக்குப் பின்னால ஒளிச்சு, நிலத்தில இழுத்து, நிப்பாட்டி, திரும்ப இழுத்து, கடைசியா புடிக்க விட்டுரோணும். முகத்துக்கு நேர ஆட்டாதீங்க, எந்த எலியும் பூனைட முகத்துக்கு வந்து ஆடுறதில்ல. புடிச்ச உடனே ராச்சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, நக்கித் துடைக்கிறது, நித்திரை, இந்த ஒழுங்கு அதுட உடம்பிலயே எழுதியிருக்கு, நீங்க முதல் ரெண்டையும் குடுத்தா மிச்சம் தானா வரும்.

லேசர் லைட் அடிச்சு விளையாட்டுக் காட்டுறவங்க இருக்காங்க. புடிக்க ஏலாத சாமானத் துரத்தி துரத்தி பூனைக்கு விசர்தான் வரும். அடிக்கிற எண்டா முடிக்கக்குள்ள ஒரு நெத்தலித் தலைக்கு மேல வெளிச்சத்தக் கொண்டு போய் முடியுங்க. கண்ணுக்கு அடிக்காதீங்க.

விளையாட முடிஞ்சா ஈர்க்கிலயும் நூலையும் எடுத்து வெச்சிரோணும். நூல் வகை பூனைட குடலுக்குள்ள போனா சுருட்டி இழுத்து வெட்டிரும், ஒபரேசன் வரைக்கும் போகும். தூண்டில் நைலோன் வெச்சிருக்கிற வீடுகளுக்கு இத ரெண்டு தரம் சொல்றன், ஏனெண்டா அதில மீன் மணமும் இருக்கும், நுனியில முள்ளும் இருக்கும்.

ஷோகேஸுக்கு மேல ஏறி போட்டோ எல்லாத்தையும் தள்ளுது. கீழ விளையாட்டுச் சாமான் இருக்கு, ஆனாலும் மேலதான் ஏறுது.

ராவைக்கு லைட்டப் போட்டு செவர வடிவாப் பாருங்க. பல்லி இருக்கும். நாங்க போட்டோவத் தொங்கவிடுறது, ஷோகேஸ லைட்டுக்குக் கீழ வெக்கிறது, லைட்டுக்கு பூச்சி வாறது, பூச்சிக்கு பல்லி வாறது, பல்லி போட்டோவுக்குப் பின்னால ஒளிக்கிறது, அதுக்குப் பிறகு பூனை வந்து அப்பப்பாட போட்டோவ விழுத்துது எண்டு பூனையில பழி. முதல் மழைக்கு ஈசல் பறக்கிற அண்டு பாருங்க, எங்கட மூண்டும் ஷோகேஸுக்கு மேலதான்.

லைட்ட மாத்திப் போட ஏலுமெண்டா மாத்துங்க. ஏலாட்டி போட்டோவ ஆணியடிச்சு செவரோட இறுக்கிருங்க, சரிச்சு நிப்பாட்டி வெக்காதீங்க. அடுத்தது, பூனைக்கு உயரம் வேணும், உயரத்தில இருந்து பாத்தாத்தான் அதுக்கு நிம்மதி. ஷோகேஸுக்கு ஏறாத எண்டு சொன்னா வேற எங்க ஏறுற எண்டு காட்டோணும். எங்கட வீட்ட யன்னலோட சேத்து ஒரு பலகை அடிச்சு சாக்கு ஒண்டு விரிச்சு விட்டிருக்கு. மதிலில காகம் வரும், ஒழுங்கையில ஆக்கள் போவாங்க, கறுப்பி அதில குந்தினா மத்தியானம் வரைக்கும் இறங்கமாட்டா.

தண்ணி கிளாஸக் கண்டாலே தட்டுது, ஏன்?

அசையாத தண்ணிட மட்டம் அதுக்கு வடிவாத் தெரியாது, கைய வெச்சு ஆட்டிப் பாத்துத்தான் குடிக்கும். கிளாஸ் ஒடுக்கம், கை பட்டா விழும். அதோட சாப்பாட்டுக்குப் பக்கத்தில இருக்கிற தண்ணிய விட வேற இடத்தில இருக்கிற தண்ணிதான் கனபூனைக்குப் பிடிக்கும், உங்கட கிளாஸ் அந்த வேற இடம்.

இதுக்கு மட்டக்களப்பு ஆக்களுக்கு சுகமான வழி இருக்கு. எருமைத்தயிர் வாங்கின மண்சட்டிய எறியாம கழுவி வெயிலில காய வெச்சு அதில தண்ணி வெய்யுங்க. வாய் அகலம், பாரம், கையால தள்ளினாலும் அசையாது, மண்சட்டிங்கிறதால கச்சான் காத்து சுட்டெரிக்க அடிக்கிற காலத்திலயும் தண்ணி குளிராக் கிடக்கும். வீட்ட ரெண்டு மூண்டு இடத்தில வெய்யுங்க, நாளாந்தம் ஊத்தி மாத்துங்க. உங்கட தேத்தண்ணிக் கோப்பைய எப்பவும் மேசை நடுவில வெய்யுங்க, விளிம்பில வெக்காதீங்க. சுடுதேத்தண்ணி புள்ளைட மேலில விழுந்தா பூனையக் குற்றஞ்சொல்லி வேலையில்ல.

சாமித்தட்டு விளக்க தட்டிருமோ எண்டு பயமாக் கிடக்கு.

பயப்படத்தான் வேணும். குண்டன்ட வால் நுனி மயிர் ஒருக்கா விளக்கில பொசுங்கிச்சு, அவருக்கு நெருப்புப் பிடிச்சதே தெரியல்ல, எனக்குத்தான் மணத்திச்சு. திரி ஆடுறதும் பூனைக்கு உசிருள்ள சாமான் மாதிரித்தான். விளக்கு எரியக்குள்ள ஆராவது அந்த இடத்தில இருங்க, கும்பிட்டு முடிய அணைச்சிருங்க, இல்லாட்டி கதவு வெச்ச சாமிப்பெட்டி செய்விச்சு பூட்டுங்க. கரண்ட் போனா மெழுகுதிரி வேணாம், டோச் போதும். நுளம்புத்திரியும் கீழ ஒரு தகரத் தட்டில.

தோடம்பழத் தோல் வெச்சா கிட்ட வராதாம், உண்மையா? பூச்சி உருண்டை?

தோல் வெக்கலாம். கனபூனைக்கு தோடை, தேசிக்காய் மணம் பிடிக்காது, ஆனா காய்ஞ்சு போனா மணமும் போயிரும், சுண்டெலி அந்தத் தோலையே உருட்டி விளையாடினது வேற கதை.

பூச்சி உருண்டை கூடவே கூடாது. அந்த நப்தலின் பூனைக்கு நஞ்சு. சின்னப் போத்தலில வாற வாசனை எண்ணெய்களும் அப்பிடித்தான், தேசி எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம், மயிரில பட்டா நக்கும், பூனைட ஈரலால அத சமாளிக்க ஏலாது. ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்ப மேசை விளிம்பில ஒரு வரி ஒட்டிப் பாருங்க. கையில ஒட்டுறது அதுக்கு சரியான அருவருப்பு, ஒரு கிழமை ஒட்டி வெச்சாப் போதும். அலுமினியத் தாளும் விரிக்கலாம், சில பூனை பயப்படும், சிலது அதில ஏறிப் படுக்கும்.

என்ன சாமான எங்க வெக்கிற எண்டு ஒருக்கா சொல்லுங்க.

எல்லாத்துக்கும் முதல் குளிசை. பனடோல் கார்ட் கீழ விழுந்து பூனை கடிச்சா, ஒரு குளிசை போதும் செத்துப் போறதுக்கு. மனிசருக்குத்தான் அது சின்ன மருந்து. குளிசை எல்லாம் மூடி இறுகின டின்னில, டின் அலுமாரியில. கடிச்சது தெரிஞ்சா பாத்துக்கிட்டு இருக்காதீங்க, உடனே மிருக வைத்தியர்.

டீவிய பின்னால பட்டி போட்டு செவரோட கட்டுங்க. போன சார்ச்சுக்குப் போட்டு வயரத் தொங்க விடாதீங்க, தொங்கிற வயரத்தான் முதல்ல பிடிச்சு இழுக்கும். பூச்சாடி எண்டா அடியில மணல் போட்டு பாரமாக்குங்க. லில்லிப் பூ வெட்டி வெக்கிறவங்க பூனை உள்ள வீட்ட வெக்கவே வேணாம், அதுட மகரந்தம் நக்கினாலே பூனைட கிட்னி போயிரும். சாமானுக்கு அடியில ஒட்டுற களிமாதிரிப் பசை புத்தகக் கடையில இருக்கு, சின்னப் பொம்மைகளுக்கு அது நல்லம்.

உடையக் கூடாத சாமான வெளியில வெக்காதீங்க. எங்கட அம்மம்மாட பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒண்டு, 1978 சூறாவளியில வீட்டுக் கூரையே பறந்த ராவில அவ சீலைக்குள்ள சுத்தி மடியில வெச்சுக் காப்பாத்தினது. நான் அத ஷோகேஸ் கதவத் திறந்து தூசி துடைச்சு, போன் அடிக்குது எண்டு மேசை விளிம்பில வெச்சிட்டுப் போனன். ரெண்டு நிமிசம். சுண்டெலிக்கு அப்ப மூண்டு மாசம், அதுட உயரத்துக்கு அந்தக் கோப்பை ஒரு ஆள் மாதிரி. ரெண்டு நாள் அதோட நான் கதைக்கல்ல, அதுக்கு அது தெரியவும் இல்ல.

கண்ணாடி உடைஞ்சா என்ன செய்யிற?

முதல்ல பூனையத் தூக்கி அறைக்குள்ள போட்டுப் பூட்டுங்க, பிறகு கூட்டுங்க, கூட்டினாப் பிறகு ஈரத்துணியால ஒத்தி எடுங்க. பயந்து நிக்கிற பூனையத் தூக்கக்குள்ள கீறும். கீறினாலும் கடிச்சாலும் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவி ஆசுபத்திரிக்குப் போங்க. விசர்நோய் நாயால மட்டும் வாறதில்ல, பூனையாலயும் வரும். மஞ்சளப் பூசிக்கிட்டு வீட்ட இருக்கிற வேலை வேணாம். உங்கட பூனைக்கு வருசா வருசம் ஊசி போடுங்க.

இவ்வளவு நாளும் அமைதியா இருந்த பூனை, வயசு போன நேரத்தில திடீரெண்டு எல்லாத்தையும் தட்டுது.

இது விளையாட்டு இல்லாம இருக்கலாம். பத்து வயசு தாண்டின பூனைக்கு தைரொயிட் கூடினா ஓய்வில்லாம ஓடித்திரியும், ராவில கத்தும், நல்லாச் சாப்பிடும், ஆனா மெலிஞ்சுக்கிட்டே போகும். கண் பார்வை குறைஞ்சாலும் சாமானில மோதி விழுத்தும். கறுப்பி போன வருசம் கோப்பைய தட்டத் தொடங்கின நேரம் நான் பழைய கோபத்தில ஏசிட்டன், பிறகுதான் பாத்தா பாய்ஞ்சு ஏறுற இடத்த தவறவிடுறா. கண்தான். மிருக வைத்தியரிட்ட காட்டினம், இப்ப அவட பலகைக்கு ஏற கீழ ஒரு ஸ்டூல் வெச்சிருக்கு, வீட்டுச் சாமான் ஒண்டையும் இடம் மாத்திறதில்ல.

துணைக்கு இன்னொரு குட்டி எடுத்தா குறையுமா?

ரெண்டு மடங்கா உடையவும் வாய்ப்பிருக்கு. சாமானுக்காக குட்டி எடுக்காதீங்க.

குட்டி போடாத ஒபரேசன் செய்தா?

கடுவன் ஊர் சுத்துறதும் மூத்திரம் அடிக்கிறதும் சண்டைக்குப் போறதும் குறையும், அதுக்காகச் செய்யத்தான் வேணும். தட்டுறதுக்கும் அதுக்கும் பெருசாச் சம்பந்தமில்ல. வயசு தாண்டத் தாண்ட அது தானாவும் குறையும், முதல் ரெண்டு வருசம்தான் ஆட்டம் கூட.

ஏலாதக்கா, சாக்கில கட்டி சந்தையடியில கொண்டு போய் விடுவமா எண்டு பாக்கிறன்.

இதக் கேக்கக்குள்ள எனக்குக் கோபம் வரும், மறைக்க மாட்டன். வீட்டுச் சோத்தில வளந்த பூனைக்கு சந்தையடியில நாயும் ரோட்டில வாகனமும்தான் மிச்சம். ரெண்டு மூண்டு கிழமை பொறுங்க, மேசைய வெறுமையாக்குங்க, ராவைக்கு அந்தக் கால் மணித்தியாலம் விளையாடுங்க. அதுக்குப் பிறகும் முடியாதெண்டா தெரிஞ்ச ஒரு வீட்ட கேட்டு நேர கொண்டு போய்க் குடுங்க. அது சாப்பிடுற கோப்பையும் அது படுத்த துணியும் கூடக் குடுங்க, அந்தத் துணியத் துவைக்காமக் குடுங்க, புது வீட்ட முதல் ராவைக்கு அதுட சொந்த மணம் ஒண்டாவது கிடக்கட்டும்.